படவ எக்கட?

சந்திரகிரியில் கோட்டை இருக்கிறது. ராஜ மகால் இருக்கிறது, அதற்கு ஜோடியாக ராணி மகாலும் இருக்கிறது. திருப்பதிக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. ஏழு பேர் உட்கார்ந்த பிறகும் ‘காலியாத்தான் இருக்கு, ஏறுங்க’ என்று கூப்பிடுவார்கள். கடல் மட்டும் இல்லை. ஆறு ஒன்று உண்டு, ஸ்வர்ணமுகி என்று பெயர். மழைக்காலம் போனால் அதில் கிரிக்கெட் ஆடலாம். பொன்முகம் என்று பெயர் வைத்தவர் மணலைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் படகு மோட்டார் வைத்திருக்கும் ஒரே குடும்பஸ்தன் நான்.

விலை கொடுத்து வாங்கவில்லை. அவ்வளவு புத்தி கெட்டவன் இல்லை. சொத்தாக வந்தது. என் தாய்மாமன் பழவேற்காட்டுக்காரர். ஏரியில் படகு விட்டுப் பிழைத்தவர். அவர் காலமான பிறகு சாமான்களைப் பிரித்தார்கள். ஒருவருக்கு வீடு, ஒருவருக்குத் தோப்பு, ஒருவருக்குப் பித்தளை அண்டா. என் முறை வந்ததும் அத்தை, “சின்ன வயசுல அந்த மோட்டாரைச் சுத்திச் சுத்தி வருவியே கண்ணு, நீயே எடுத்துக்கோ” என்றார். சின்ன வயதில் நான் சுற்றிவந்தது மோட்டாரை அல்ல. அதன் பக்கத்தில் பாயில் காயவைத்திருந்த இறாலை. துக்க வீட்டில் அதைத் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

மாமாவைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருப்பது அவருடைய இடது உள்ளங்கை. அதன் நடுவில், அந்தக் காலத்துப் பெரிய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். சீயக்காய், மண்ணெண்ணெய், அடுப்புச் சாம்பல் எதற்கும் அது போகாது என்று அத்தை புலம்புவார். திருப்பதியில் கைரேகை பார்ப்பவர் ஒருவர் அந்த வளையத்தைப் பார்த்துவிட்டு, ‘சந்திர மேட்டில் சக்கரம், நீர்வழி வாகன யோகம்’ என்று சொல்லி ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டாராம். இந்த வளையத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இந்தக் கட்டுரை.

மோட்டாரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். இங்கிலாந்தில் பிறந்த மோட்டார். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, தப்பெல்லாம் என்னுடையது. நெட்டையாக, ஒல்லியாக, தலை மட்டும் பெருத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைந்த மனிதன் மாதிரி இருக்கும். சீட்டில் நிறுத்தியபோது கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டார். லக்கேஜ் என்றேன். “லக்கேஜ் படுத்துதான் வரும் சார், இது உக்காந்துல்ல வருது” என்றார். நியாயம்தான். அரை டிக்கெட்டில் முடிந்தது.

ஊத்துக்கோட்டையில் ஏறிய ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாக்கின் கீழ்க் கிழிசலில் மோட்டாரின் விசிறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து இதழ், பித்தளைப் பளபளப்பு. பஸ்ஸோ திருப்பதி பஸ். பாட்டி சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சக்கரத்தாழ்வாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எந்தக் கோயிலுக்குப்பா காணிக்கை?” என்று கேட்டார். சந்திரகிரிக்கு என்றேன். புத்தூர் வருவதற்குள் விசிறியின் மடிப்பில் இருபத்தோரு ரூபாய் சேர்ந்திருந்தது. அந்த மோட்டாரால் நான் கண்ட ஒரே வருமானம் அது.

கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. விஜயநகரத்தின் கடைசி ராஜாக்களான அரவீட்டு வம்சத்தார் இங்கே வந்துதான் அரசாண்டார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கடை விரிக்க அனுமதி வாங்கியது அந்த வம்சத்திடம்தான். 1613இல் அங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டையும் கட்டிக்கொண்டார்கள். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டே என்பவர் வந்து, இதே அரசுக்குக் கட்டுப்பட்ட நாயக்கரிடம் ஒரு மணல் திட்டைக் கேட்டு வாங்கினார். அது மதராஸ் ஆயிற்று. கையிலிருந்த கடற்கரையை எல்லாம் வந்தவர் போனவருக்குக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்ட ஊர் இது. நானூறு வருஷம் கழித்துப் பழவேற்காட்டிலிருந்து பதில் மரியாதையாக வந்து சேர்ந்தது என் மோட்டார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திரத்தில் மாவட்டங்களைப் பிரித்தார்கள். சித்தூர் மாவட்டத்தில் படுத்த நாங்கள் திருப்பதி மாவட்டத்தில் எழுந்தோம். புது மாவட்டத்தில் தடா இருக்கிறது, சூளூர்பேட்டை இருக்கிறது, ஸ்ரீஹரிகோட்டாவே இருக்கிறது. ஓர் அங்குலம் நகராமல் நான் கடலோர மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டேன். “அரசாங்கமே கடலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கு, மோட்டாரை வேண்டாம்னா எப்படி?” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வீடு, தோப்பு, அண்டா வாங்கியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

படகு மோட்டாரைத் தரையில் வைத்து ஓட்டக்கூடாது. அது குடிக்கிற தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறியே செத்துப்போகும். ஆகவே கல்யாணச் சமையல்காரரிடம் இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கி, குறுக்கே பலகை அடித்து, மோட்டாரை அதில் மாட்டி, கொல்லையில் நிறுத்தினேன். தலை வெளியே, கால் தண்ணீருக்குள். தவம் செய்கிறவர் மாதிரி இருந்தது. தவம் செய்கிறவரைப் போலவே எவ்வளவு கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

மார்கழி மாதம். விடிகாலை ஐந்தரை மணி. திருமலையில் இந்த ஒரு மாதம் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை சொல்வார்கள். ஊர் ஒலிபெருக்கியிலும் அதே. ஒரு பக்கம் ஆண்டாள் தோழிகளை எழுப்பிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் நான் மோட்டாரை. அவளுக்கு முப்பது பாட்டில் வேலை முடிந்தது. நான் முப்பதாவது இழுப்பில் கயிற்றோடு துளசி மாடத்தின் மேல் போய் விழுந்தேன்.

இதற்குக் கிக்கரும் கிடையாது, பட்டனும் கிடையாது. தலையில் ஒரு சக்கரம், அதில் ஒரு வெட்டு. முடிச்சுப் போட்ட கயிற்றை அந்த வெட்டில் மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, பம்பரம் விடுவது போல இழுக்க வேண்டும். கயிறு கழன்று கையோடு வந்துவிடும். மறுபடி சுற்ற வேண்டும். இழுக்கிற வேகத்தில் கயிற்றின் நுனி பின்னால் நிற்பவரை விளாசும். மூன்றாம் நாள் முதல் என் பின்னால் யாரும் நிற்பதில்லை.

முதலில் நான் குளிரின் மேல் பழி போட்டேன். மாமா அடிக்கடி, “குளிர்ந்து கெடந்தா கொஞ்சம் மக்கர் பண்ணும், ஒருதரம் சூடாயிட்டா தொட்டாலே கெளம்பும்” என்று சொல்வார். சந்திரகிரி மார்கழியில் பதினெட்டு டிகிரிக்கே ஊர் முழுக்க மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு திரியும். ஆனால் இது பனி பெய்கிற தேசத்தில் பிறந்த மோட்டார். அதற்கு நம் மார்கழி சித்திரை அல்லவா? இருந்தாலும் இரக்கப்பட்டு ஒரு பழைய கம்பளியைப் போர்த்தினேன். மறுநாள் காலையில் அதன் மேல் பூனை படுத்திருந்தது. அதாவது பூனை சூடாக இருந்தது.

மாமா சொன்ன குளிருக்கும் தட்பவெப்பத்துக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஓடி நின்ற எஞ்சின் சூடானது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த எஞ்சின் குளிர்ந்தது. அவ்வளவுதான். ஆக வானத்தை விட்டுவிட்டு மோட்டாரைப் பார்க்கத் தொடங்கினேன்.

பெட்ரோல் எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும் என்பார்கள்: எரிய ஏதாவது, பற்றவைக்கப் பொறி, அமுக்கிப் பிடிக்கக் காற்றழுத்தம். மூன்றையும் வரிசையாகச் சோதித்தேன்.

முதலில் எரிபொருள். இது பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து குடிக்கிற டூ ஸ்ட்ரோக் ஜாதி. நம் பழைய ஸ்கூட்டர்களுக்கு லிட்டருக்கு இருபது மில்லி ஆயில் போதும். இது அதற்கும் முந்தைய தலைமுறை. பத்துக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு நூறு மில்லி. பங்க்கில் போய்ச் சொன்னேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பண்டிக்கா சார், பஜ்ஜிக்கா?” என்றான். அதோடு இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஆவியாக அதிக வெப்பத்தை இழுக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அறுபது வருஷம் கும்பகோணம் டிகிரி காபி குடித்துப் பழகியவருக்குக் கஷாயத்தை நீட்டினால் எப்படி முகம் சுளிப்பார்? என் மோட்டார் முகம்கூடச் சுளிக்கவில்லை. கார்புரேட்டர் தலையில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கிப் பெட்ரோல் வழிந்தால் உள்ளே போய்ச் சேர்கிறது என்று பொருள். தாராளமாக வழிந்தது. முதல் சோதனையில் தேர்ச்சி.

இரண்டாவது பொறி. இதற்கு பேட்டரி கிடையாது. தலையில் உள்ள சக்கரத்திலேயே காந்தம் இருக்கிறது; கயிற்றை இழுத்தால் அது சுழன்று மின்சாரம் பிறக்கும். ப்ளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்து இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். இழுக்க ஒருவர், ப்ளக்கைப் பிடிக்க ஒருவர் தேவை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். பாகாலா லைனில் முப்பது வருஷம் கொடி காட்டியவர். “வயரைத் தொடாம ரப்பரைப் பிடிங்க சார்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றை இழுத்துவிட்டேன். பொறி இருக்கிறதா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. தன் வேலைக் காலத்தில் எந்த ரயிலையும் அவர் அவ்வளவு வேகமாக பிளாட்பாரத்திலிருந்து அனுப்பியிருக்க மாட்டார்.

மூன்றாவது காற்றழுத்தம். ப்ளக் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இழுத்தால், உள்ளிருந்து வருகிற காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளியது. வீட்டில் என் பேச்சை மதிக்கிறவர்களைவிட பலமாகவே தள்ளியது.

மூன்று பாடத்திலும் பாஸ். ஆனால் சர்டிபிகேட் வரவில்லை.

வேறு வழியில்லாமல் திருப்பதி ரோட்டிலிருந்து ஸ்கூட்டர் மெக்கானிக் தம்பியை அழைத்துவந்தேன். அன்றைக்குப் பார்த்து, மலையேற வந்த என் மாமனாரும் காட்பாடியிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. தம்பி டிரம்மை மூன்று முறை வலம் வந்தான்.

“அன்னா, கிக்கர் எக்கட?”

“இல்லை. கயிறுதான்.”

“கியர்?”

“இல்லை.”

“க்ளச்சு?”

“அதுவும் இல்லை.”

தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். முருங்கை மரம், துளசி மாடம், துணிக் கொடி, பாய் நிறைய வடாம். பிறகு என்னிடம் திரும்பி, “மரி, படவ எக்கட?” என்றான்.

தெலுங்கில் படவ என்றால் படகு. படகு எங்கே என்று கேட்கிறான், நியாயமான கேள்வி. என் மாமனாருக்குக் காதில் விழுந்தது வேறு. மாப்பிள்ளையை வீட்டிலேயே நிற்கவைத்து ‘படவா’ என்கிறானே என்று அவர் கோபப்படுவார் என நினைத்தேன். அவர் மெல்லத் தலையாட்டிவிட்டு மகளிடம், “பரவாயில்லையேம்மா, நல்ல மெக்கானிக். பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டான்” என்றார்.

தம்பி திறமைசாலிதான். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பாயின்டில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தான். ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி, அதை பாயின்டுக்கு நடுவில் செருகி இழுத்துத் துடைத்தான். இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்தான். ப்ளக்கைத் தேய்த்தான், கார்புரேட்டரைப் பிரித்து ஊதினான். பொறி முன்பைவிடப் பளிச்சென்று வந்தது. மோட்டார் மட்டும் ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டுப் பழையபடி தவத்தில் ஆழ்ந்தது. “இதி லேச்சேதி காது அன்னா” என்று கையைத் துடைத்துக்கொண்டான். இது எழுந்திருக்கிற கேஸ் இல்லை என்று அர்த்தம். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவாரே, அந்தக் குரல்.

அன்று சாயங்காலம் திண்ணையில் ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஷாக் அடித்த கையை இன்னும் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். “நம்ம மாவட்டத்துலயே ஸ்ரீஹரிகோட்டாவுல பாருய்யா. கிரயோஜெனிக் எஞ்சின்னு ஒண்ணு. மைனஸ் 253 டிகிரியில ஹைட்ரஜன், மைனஸ் 183ல ஆக்சிஜன். ரெண்டையும் கொண்டுபோய் வானத்துல வச்சுப் பத்தவைக்கணும். நாமளே செஞ்ச எஞ்சினை 2010 ஏப்ரல்ல விட்டாங்க, நிக்கலை, கடல்ல விழுந்துது. விட்டாங்களா? 2014 ஜனவரி 5ஆம் தேதி மறுபடி விட்டாங்க, போய்ச் சேர்ந்துது. அவங்களுக்கே நாலு வருஷம்.” எனக்கு உடனே தெம்பு வந்தது. மைனஸ் 253க்கே நாலு வருஷம் என்றால், ப்ளஸ் 18க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். மனைவி உள்ளிருந்து, “அவங்க டிரம்மைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள். சமையல்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார்.

இந்த வம்பெல்லாம் ஐஸ்கிரீமில் ஆரம்பித்தது என்று மாமனாருக்குச் சொன்னேன். 1906 கோடையில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஓலே எவின்ரூட் என்பவர் தன் காதலியோடு ஏரிக்கரைக்குப் பிக்னிக் போனாராம். அந்த அம்மாள் ஐஸ்கிரீம் கேட்க, இவர் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிவர, வந்து சேர்வதற்குள் அது உருகிப் பாயசமாகிவிட்டதாம். அந்த ரோஷத்தில் படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாரைச் செய்து, 1909 முதல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். மாமனார் முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தாளு பொண்டாட்டிக்கு ஐஸ்கிரீம் வாங்க மோட்டார் செஞ்சான். நீங்க மோட்டாருக்காக எம் பொண்ணோட வடாத்தை எல்லாம் நனைச்சுட்டீங்க” என்றார். அப்போது வடாம் இன்னும் நனைந்திருக்கவில்லை. பெரியவர்கள் வாக்கு பலிக்கும்.

துப்பு கிடைத்தது சமையலறையில். குளிர்ந்த எஞ்சினில் நடப்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பெட்ரோல் நீராக இருக்கும்வரை பற்றாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பற்றும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் பதினைந்து பங்கு காற்று என்பது கணக்கு. எஞ்சின் சூடாக இருந்தால் ஊற்றுகிற பெட்ரோல் முழுக்க ஆவியாகும். குளிர்ந்து கிடந்தால் அதில் ஒரு பகுதிதான் ஆவியாகும், மீதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரியும். கடலோரத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் படகு மோட்டார்களை முதலில் பெட்ரோலில் கிளப்பிச் சூடாக்கிவிட்டுத்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், காரணம் இதேதான்.

சோதித்துப் பார்க்க, துண்டைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து, கார்புரேட்டர் கழுத்தில் சுற்றிவிட்டு இழுத்தேன். மோட்டார் இரண்டு தரம் இருமியது. இத்தனை நாளில் அது என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கியது. புகையால் என்று மனைவி சொல்கிறாள்.

ஆக நோய் தெரிந்துவிட்டது. குளிரில் பெட்ரோல் ஆவி போதவில்லை. அதற்கு வைத்தியம் கார்புரேட்டர் வைத்த எஞ்சின்களில் பெரும்பாலும் உண்டு, சோக் என்று பெயர். காற்று நுழைகிற வாயை ஒரு தகடால் அடைத்துவிட்டால், உள்ளே உறிஞ்சுகிற வேகத்தில் பெட்ரோல் கூடுதலாக வரும். என் மோட்டாரில் சோக் தகடு எங்கே? கார்புரேட்டர் வாயைச் சுற்றி விளக்கடித்துத் தேடினேன். தகடு மாட்டுகிற ஆணி இருந்தது, தகடு இல்லை. மெக்கானிக் தம்பிக்கு முழு மோட்டாரும் புதுசு, எது இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அத்தைக்கு போன் போட்டேன்.

“அத்தே, மாமா மோட்டார்ல சோக் தகடு ஒண்ணு இருந்திருக்கணுமே, பெட்டியில கிடக்குதா?”

“அதுவா? அது ஏரியில விழுந்து எத்தனையோ காலம் ஆச்சே கண்ணு. நீ பத்தாவது பரீட்சை எழுதுன வருஷம்.”

“அப்புறம் இத்தனை வருஷம் மாமா எப்படி ஸ்டார்ட் பண்ணினார்?”

“கையாலதான். இடது கையை அது வாயில வச்சுப் பொத்திக்கிட்டு, வலது கையால இழுப்பார். ரெண்டு இழுப்புல வந்துடும். வந்ததும் கையை எடுத்துடணும். ஏன், நீ பொத்தலையா?”

“இல்லையே!”

“பொத்தாம இழுத்தா அது எப்பிடிடா எழும்பும்?”

“இதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தே.”

“நீ கேக்கலையே கண்ணு.”

மறுநாள் விடிகாலை. ஒலிபெருக்கியில் திருப்பாவை. பொத்தானை அமுக்கினேன், பெட்ரோல் வழிந்தது. கயிற்றைச் சுற்றினேன். இடது உள்ளங்கையைக் கார்புரேட்டர் வாயில் வைத்துப் பொத்தினேன். சில்லென்று இருந்தது. ஓர் இழுப்பு; உள்ளங்கையை யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. இரண்டாவது இழுப்பில் ஊரே அதிரும்படி மோட்டார் கிளம்பியது.

கிளட்ச் இல்லை என்று மெக்கானிக் தம்பியிடம் சொன்னேன் அல்லவா? அதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எஞ்சின் எழுந்த அதே நொடியில் விசிறியும் சுழலும். ஏரியில் என்றால் படகு நகரும். டிரம்மில் என்ன நகரும்? தண்ணீர் நகர்ந்தது. இருநூறு லிட்டரில் பாதி முருங்கை மரத்தின் உயரத்துக்குப் போய், துணிக் கொடி, வடாம் பாய், பூனை, மதிலுக்கு அப்பால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் என்று பாரபட்சமில்லாமல் இறங்கியது. பத்துக்கு ஒன்று ஆயில் போட்ட புகை, போகிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே தெருவை மறைத்தது. இதற்கு நிறுத்துகிற பட்டனும் கிடையாது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை அது குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

சத்தம் கேட்டு மெக்கானிக் தம்பி பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நனைந்த கொல்லையைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான். சந்தோஷம் தாங்காமல், “சூப்பர் அன்னா! மரி, படவ எக்கட?” என்றான்.

மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கைகாட்டினார்.

உள்ளே போய்க் கை கழுவினேன். இடது உள்ளங்கையின் நடுவில் ஒரு கறுப்பு வளையம் பதிந்திருந்தது. சோப்புப் போட்டேன், போகவில்லை. சீயக்காய் எடுத்துக்கொண்டு வந்த மனைவி கையைப் பார்த்துவிட்டு, “உங்க மாமா கையில இருந்த மாதிரியே இருக்குங்க” என்றாள். அதன் பிறகு நான் தேய்க்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் மோட்டாரைப் பழவேற்காட்டுக்கே கொண்டுபோகப் போகிறேன். அங்கே படகும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. டிரம்மைச் சமையல்காரரிடம் சேர்த்தாயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் பேச ஆரம்பித்துவிட்டார். உங்கள் வீட்டிலும் பழைய தையல் மெஷினோ, ஸ்டவ்வோ, ஸ்கூட்டரோ வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருப்பார். அவர் அதைக் கிளப்புகிறபோது கை எங்கே இருக்கிறது என்று ஒருதரம் பக்கத்தில் நின்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தாலும் புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.